தோற்றவன் சிரித்தான்

அவன் சிரித்தான். அதுதான் அவன் செய்த குற்றம்!

ஒரே ஒரு புள்ளியில் எங்கள் அணி தோற்றுப்போன மாலைப் பொழுது அது. கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடிச் சென்றவன் அவன். எதிரணியின் மூலைக்காரன் கணுக்காலைப் பற்றினான். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். நடுக்கோட்டைத் தொட நீட்டிய கை ஒரு சாண் தொலைவில் நின்றுவிட்டது. ஊதுகுழல் ஒலித்தது. புழுதியைத் தட்டிவிட்டு எழுந்தவன், தன்னைப் பிடித்தவனைப் பார்த்தான், பிறகு எங்களைப் பார்த்தான், சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்காக அவனை நாங்கள் தண்டித்தோம். தண்டனை வழங்கியவர்களில் முதல்வன் நான். அன்று கூட்டத்தில் உரக்கப் பேசிய என் வாய், இன்று அடக்கத்தோடு எழுத முனைகிறது.

1978-ஆம் ஆண்டுப் பொங்கல். அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி அரையாண்டு கடந்திருந்த நேரம். விருதுநகர் மாவட்டம் அன்று பிறக்கவில்லை; 1985 வரையில் நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்து மக்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்லும் சாலையில், மழை வந்தால் சேறாய்ப் பிடித்து இழுக்கும் கரிசல், மழை போனால் கால் நுழையும் அளவுக்கு வாய்பிளந்து கிடக்கும் வெடிப்பு, பருத்தி, கம்பு, சோளம், மல்லி, வேலியோரம் உடைமரம் — இவையே எங்கள் ஊரின் செல்வம். திருச்சுழியைத் தழுவி ஓடும் குண்டாறு என்று ஏட்டில் எழுதுவார்கள். ஓடிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மணல் பரந்து கிடந்த நாட்களை எண்ணவே முடியாது.

அந்த ஊரில் ஒரு படிப்பகம். அந்தப் படிப்பகத்துக்கு ஒரு சடுகுடு அணி. அந்த அணிக்கு நான் செயலாளன். வயது இருபத்திரண்டு. மேடை கிடைத்தால் பகுத்தறிவு பேசுவேன், குறளை முழங்குவேன், மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறிப்பதாக மார் தட்டுவேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பழமொழிக்கு ஒரு மணி நேரம் விளக்கம் கூறுவேன். அத்தகைய நான், ஒரு சிரிப்பைக் கண்ணால் கண்டேன். தீர விசாரியாமலே தீர்ப்பு எழுதினேன்.

அதே ஆட்டத்தில் இன்னொரு காட்சியும் நடந்தது. எங்கள் அணியின் மற்றொரு ஆட்டக்காரன், ஊரில் காரை வீட்டுப் பிள்ளை, ஊதுகுழல் ஒலித்ததும் தரையில் விழுந்தான், புரண்டான், மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டான், மார்பில் அடித்துக்கொண்டு கதறினான். ஊரே உருகியது. "பிள்ளைக்கு எவ்வளவு ரோசம் பாருங்கள்!" என்றார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். தோளில் கை போட்டு வீடுவரை கொண்டுபோய் விட்டார்கள்.

சிரித்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. அவன் ஊரின் ஓரத்திலிருந்து வந்தவன். அவன் தந்தை கிணறு வெட்டும் கூலி. எதிரணியின் ஊரோ அவனுக்குத் தாய்மாமன் ஊர். போதாதா? சிரிப்பு ஒன்று, மாமன் ஊர் ஒன்று, இரண்டையும் கூட்டினோம், விலைபோனான் என்று விடை கண்டோம். "அக்கறை இருந்தவன் அழுதான்; அக்கறை இல்லாதவன் சிரித்தான்; இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?" என்று படிப்பகத்துக் கூட்டத்தில் கேட்டவன் நான். கைதட்டல் கிடைத்தது. அவன் பெயர் அணிப் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது.

தோழர்களே, அந்தத் தீர்ப்பை நான் எழுதியிருக்கவே கூடாது. ஏனெனில் அத்தகைய தீர்ப்பு ஒன்றின் கொடுமையை என் வீட்டிலேயே கண்டவன் நான்.

என் தந்தை அருப்புக்கோட்டையில் தறி நெய்தவர். எனக்குப் பதினான்கு வயது நடக்கும்போது காய்ச்சலில் கிடந்து மறைந்தார். வாசலில் பந்தல், வட்டமாகப் பெண்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு ஒப்பாரி. எங்கள் சீமையில் ஒப்பாரி என்றால் அது வெறும் அழுகையன்று, ஒரு வழக்குமன்றம். யார் எவ்வளவு உரக்க அழுதார், யார் மார்பில் எத்தனை முறை அடித்துக்கொண்டார், யார் கண் வறண்டிருந்தது என்று கணக்கெடுக்க நாலு கிழவிகள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். என் தாய் அழவில்லை. சுவரில் சாய்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, தறிக்குழியையே பார்த்தபடி இருந்தார். "கல் நெஞ்சக்காரி! புருசன் கிடக்கிறான், ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பார்" என்று என் காதுபடப் பேசினார்கள்.

அழுதவர்கள் கருமாதிச் சோறு உண்டு, கைகழுவி, வண்டியேறிப் போனார்கள். அழாத என் தாய் பதினேழாம் நாள் அந்தக் குழித்தறியில் காலை விட்டு அமர்ந்தார். அதுவரை தார் சுற்றி மட்டுமே பழகிய கை, நாடா எறியக் கற்றது. இரவு விளக்கில் அவர் மிதித்த மிதிப்பலகையின் ஓசையில்தான் நான் பள்ளிப்பாடம் படித்தேன். தந்தை வைத்துப்போன கடனைக் கடைசிக் காசுவரை தீர்த்தவர் அவர். அவர் நெஞ்சு கல் என்றால், அந்தக் கல்லின்மேல்தான் எங்கள் வீடு நின்றது.

கண்ணீரை அளந்து அன்பை அளந்த ஊரை வெறுத்து வளர்ந்த நான், எட்டே ஆண்டுகளில் அதே அளவுகோலைக் கையில் எடுத்து ஒரு கிணறுவெட்டியின் மகனை அளந்தேன். பிறர் முதுகில் இருக்கும் மூடநம்பிக்கை நமக்கு உடனே தெரிகிறது. நம் முதுகில் இருப்பதைப் பார்க்க வேறொருவர் கண் தேவைப்படுகிறது.

அந்தக் கண் எனக்கு மாசி மாதத்தில் கிடைத்தது. விடியற்காலை மிதிவண்டியில் அருப்புக்கோட்டைக்குச் சென்றுகொண்டிருந்தேன். வழியில் வற்றிய கண்மாய். அதன் நடுவே ஓர் உருவம் ஓடுகிறது, நிற்கிறது, திரும்புகிறது, குனிகிறது, தாவுகிறது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவன்தான். காய்ந்த சேற்றில் குச்சியால் கோடு கிழித்திருந்தான். கணுக்காலில் கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையை உடைமரத்து வேரில் முடிந்திருந்தான். அந்தக் கயிற்றின் இழுப்பை மீறிக் கோட்டைத் தொடத் தாவுகிறான், விழுகிறான், மறுபடி தாவுகிறான். பொங்கலன்று பிடிபட்ட அதே கால். எட்டாமற்போன அதே ஒரு சாண். அணியில் இடமில்லாதவன், ஆட அழைப்பார் இல்லாதவன், ஒருவரும் பார்க்காத கண்மாய்க்குள் ஒன்றரை மாதமாகத் தோல்வியைத் திருத்திக்கொண்டிருந்தான்!

"அன்றைக்கு ஏன் சிரித்தாய்?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எங்க அப்பாரு கெணறு வெட்டுறவருண்ணே. கரிசலத் தாண்டிச் சுக்கான் பாறை, அதத் தாண்டிக் கரும்பாறை. வெடி வச்சு, கூடை தூக்கி, அம்பது அடி எறங்கிப் பாத்தா ஈரம்கூட இருக்காது. அப்பல்லாம் வடத்தப் பிடிச்சு மேல ஏறி வரும்போது சிரிச்சுக்கிட்டேதான் வருவாரு. ஏன்னு கேட்டா, மேல நிக்கிறவன் மொகம் வாடிப்போகும்டா, அழுதா நாளைக்கு எவன் எறங்குவான்னு சொல்லுவாரு. எனக்கும் அப்படியே பழகிப்போச்சு."

இவ்வளவுதான் அவன் சொன்னது. அந்தச் சிரிப்பு விலைபோனவன் சிரிப்பன்று. தண்ணீர் காணாத கிணற்றிலிருந்து மேலேறி வருகின்றவன் சிரிப்பு. நாளைக்கும் இறங்க வேண்டும் என்ற முடிவோடு வருகின்றவன் சிரிப்பு. இடும்பை வந்தபோது நகுக என்று சொல்ல வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என ஓர் அதிகாரமே வைத்தார். அது அறுபத்து மூன்றாவது அதிகாரம் என்று எண்ணும் எனக்குத் தெரியும். அந்த அதிகாரம் உயிர்பெற்று என் முன் புழுதியோடு எழுந்து நின்றபோது, அதற்குத் துரோகி என்று பெயர் வைத்தேன்.

இளைஞர்களே, இதை என் ஊர்க்கதை என்று மட்டும் எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். ஆடுகளம் இருக்கும் இடமெல்லாம் இந்தத் தவறான தராசு தொங்குகிறது.

1996-ஆம் ஆண்டு மார்ச் 13. கல்கத்தா ஈடன் தோட்டத்தில் உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கை எடுத்த 251 ஓட்டங்களை எதிர்த்து ஆடிய இந்தியா 120 ஓட்டங்களுக்கு 8 பேரை இழந்து நின்றது. கூட்டம் புட்டிகளை வீசியது. இருக்கைப் பகுதியில் தீ மூட்டியது. ஆட்டம் நிறுத்தப்பட்டு, வெற்றி இலங்கைக்கு என்று அறிவிக்கப்பட்டது. ஆட்டமிழக்காமல் நின்ற வினோத் காம்ளி அழுதபடி வெளியேறினார். அந்தக் கண்ணீர்ப் படத்தை நாடே நினைவில் வைத்திருக்கிறது. அவர் கண்ணீர் உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உடன் ஆடிய மற்றப் பத்துப் பேருக்கும் நெஞ்சு வலிக்கவில்லை என்று எவர் சான்றளிக்க முடியும்? இன்னொன்றும் கேட்பேன். அன்று அந்த அரங்கில் மிகப் பெரிய உணர்ச்சியைக் காட்டியவர்கள் யார்? தீ வைத்தவர்கள் அல்லவா! வெளியே தெரியும் கொந்தளிப்புத்தான் அக்கறையின் அளவு என்றால், ஆட்டத்தை மிகவும் நேசித்தவர்கள் ஆட்டத்தை நடத்தவிடாமல் அழித்தவர்களே என்றல்லவா முடியும்? முடிவு இத்தனை கோணலாக வந்தால், தொடக்கத்தில் வைத்த கோலே கோணல் என்பது விளங்கவில்லையா?

நம் சென்னையைப் பாருங்கள். 2013 நவம்பரில் விசுவநாதன் ஆனந்த் தம் சொந்த நகரிலேயே மாக்னஸ் கார்ல்சனிடம் உலகச் சதுரங்கப் பட்டத்தை இழந்தார். ஆறரைக்கு மூன்றரை என்ற தோல்வி. ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர். மண்ணைத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனந்துக்கு இனி ஆர்வமில்லை, ஓய்ந்துவிட்டார் என்று பேசியவர்கள் உண்டு. அடுத்த மார்ச்சில், நான்கே திங்களில், உருசியாவின் காந்தி மான்சீசுக் நகரில் நடந்த அறைகூவலர் போட்டியில் முதலிடம் பெற்று, மீண்டும் கார்ல்சனோடு மோதும் உரிமையை வென்றார். முகம் சொல்லாததை நான்கு திங்கள் உழைப்புச் சொல்லிற்று.

அந்த 2013 போட்டியில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் குகேசு. 2024 திசம்பர் 12, சிங்கப்பூர். பதினான்காம் ஆட்டம். சீனத்தின் திங் லிரென் தம் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். பட்டம் பதினெட்டு வயதுத் தமிழ்நாட்டு இளைஞனின் கைக்கு வந்தது. குகேசு முகத்தைக் கைகளில் புதைத்து அழுதார். பிறகு? கலைந்து கிடந்த காய்களை எடுத்து, ஒவ்வொன்றாக, அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்கி வைத்தார். உலகம் அந்தக் கண்ணீரைக் கொண்டாடியது. எனக்கோ, அந்தக் காய்களை அடுக்கிய கைகள்தான் கண்ணில் நிற்கின்றன. வென்றபின்னும் பலகையை ஒழுங்குசெய்து விட்டு எழுகின்ற பழக்கம், ஒரு நொடியில் பொங்கி வருவதன்று, ஆண்டுக்கணக்கில் வளர்வது.

அதே குகேசிடம் 2025 சூன் முதல் நாள் நார்வேயில் கார்ல்சன் தோற்றார். கையை ஓங்கி மேசையில் குத்தினார். காய்கள் துள்ளி விழுந்தன. வென்ற குகேசோ, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அப்பால் நடந்தார். சிங்கப்பூரில் அழுதவர் இங்கு அழவில்லை. ஆகவே இங்கு அக்கறை குறைந்துவிட்டது என்போமா? ஒரே மனிதன், ஒரே ஆட்டம், ஆறு திங்கள் இடைவெளி. முகம் மட்டும் வேறு! ஒரே ஆளிடமே நிலையாக நில்லாத அளவுகோலைக் கொண்டு, ஓர் ஆளையும் மற்றோர் ஆளையும் ஒப்பிட்டு அளக்கலாமா?

அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? நாம் ஊகத்தோடு நிற்பவர்கள் அல்லவே, ஆய்வையும் கேட்போம்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை அமெரிக்க உளவியலார் மூவர் ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டனர். வெள்ளி பெற்றவரைக் காட்டிலும் வெண்கலம் பெற்றவரே மகிழ்ச்சியாகத் தோன்றினார். வெள்ளிக்காரர் கைநழுவிய தங்கத்தை எண்ணுகிறார். வெண்கலக்காரர் வெறுங்கையோடு திரும்பாமல் தப்பியதை எண்ணுகிறார் என்று விளக்கினர். ஆக, முகம் காட்டியது எதனோடு ஒப்பிடுகிறார் என்பதை. எவ்வளவு நேசிக்கிறார் என்பது அதில் எழுதப்படவில்லை.

2004 ஏதென்சு ஒலிம்பிக்கிலும், அதையொட்டி நடந்த உடற்குறையுடையோர் ஒலிம்பிக்கிலும் சூடோ மற்போர் வீரர்களை ஆராய்ந்து, 2008-இல் வெளியான முடிவு இன்னும் வியப்பானது. பிறவியிலேயே பார்வையற்ற வீரர்களும், வென்றபோது பார்வையுள்ளவர்களைப் போலவே கைகளை உயர்த்தினர், மார்பை விரித்தனர். ஒருமுறைகூடப் பிறரைக் கண்ணால் கண்டு கற்றவர்கள் அல்லர் அவர்கள்! எனவே உணர்ச்சி வெளிப்பாடு வெறும் நடிப்பு என்று சொல்வோர் வாயும் அடைபட்டது. ஆனால் அதே ஆய்வு மற்றொன்றும் கூறிற்று: தோல்வியில் தோள் குறுகும் வெட்கக் குறி, தன்னியல்பைப் போற்றும் மேலை நாட்டுப் பார்வையுள்ள வீரர்களிடம் குறைந்து காணப்பட்டது, பிறவியில் பார்வையற்றவர்களிடம் அவ்வாறு குறையவில்லை. வெட்கத்தைக் காட்டாதே என்று வளர்ப்பு அடக்குகிறது என்பது ஆய்வாளர் கருத்து. ஊற்று இயற்கை, மடை வளர்ப்பு. மடையில் வரும் நீரைப் பார்த்து ஊற்றின் ஆழத்தைச் சொல்ல முடியுமா? கிணற்றுச் சீமைக்காரன் கேட்கிறேன்!

2012-இல் வேறொரு சோதனை. டென்னிசு வீரர்கள் ஒரு புள்ளியை வென்ற நொடியிலும் இழந்த நொடியிலும் எடுத்த படங்களில், முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பார்ப்பவர்களிடம் காட்டினர். வென்ற முகம் எது, தோற்ற முகம் எது என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. உடலைக் காட்டியபோதுதான் கண்டுபிடித்தனர். வெற்றியா தோல்வியா என்பதையே முகம் மட்டும் பார்த்துச் சொல்லத் தெரியாத நாம், நெஞ்சின் அடியில் கிடக்கும் பற்றின் எடையை அந்த முகத்திலிருந்து சொல்லப் புறப்படுகிறோம்!

இந்த அடக்கத்தை மேலை நாட்டிலிருந்துதான் இறக்குமதி செய்ய வேண்டும் என்பதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களில் பிறக்கும் என்றார், ஆக முப்பத்திரண்டு. அழுகை என்பது இழிவுபட்டாலும் வரும், இழந்தாலும் வரும், முன்னைய நிலையிலிருந்து சரிந்தாலும் வரும், வறுமையாலும் வரும். உவகை பிறக்கும் இடங்களுள் ஒன்றாக விளையாட்டையே குறித்தார் அந்தப் பேராசான். மெய்யில் தோன்றும் குறி ஒன்று. அது பிறக்கும் இடம் நான்கு. குறியைக் கண்டவுடன் பிறந்த இடம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பது நம் இலக்கணத்திலேயே அடங்கியிருக்கும் பாடம். நான் அதைத் தேர்வுக்காகப் படித்தேன், வாழ்வுக்காகப் படிக்கவில்லை.

இந்த இடத்தில் எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை. அழாதவனை நான் போற்றுவதால், அழுபவனைத் தூற்றுவதாக எண்ணிவிடாதீர்கள். "ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்டுக் கேட்டே தலைமுறை தலைமுறையாக ஆண்களின் நெஞ்சைக் குழித்தறிக்குள் இறக்கி மூடியிருக்கிறோம். பெண் அழுதால் வலுவற்றவள், அழாவிட்டால் நெஞ்சற்றவள், சினந்தால் திமிர்பிடித்தவள். 1984-இல் லாசு ஏஞ்சல்சில் நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்த பி. டி. உசா, எந்த முகத்தைக் காட்டியிருந்தால் இந்த ஊர்வாய்க்கு நிறைவு தந்திருக்கும்? காரை வீட்டுப் பிள்ளையின் கண்ணீரும் பொய்யன்று என்றே இன்று நம்புகிறேன். தோல்விக்கு நான்காம் நாள் அவன் மதுரைக்குப் படம் பார்க்கப் போனான். அந்த மாதம் முழுதும் பயிற்சிக்கு வரவில்லை. ஆயினும் அன்று மாலை அவன் நெஞ்சு உடைந்தது உண்மை. பொங்கி வடிவது ஒருவன் இயல்பு. ஊறி நிற்பது மற்றவன் இயல்பு. பொங்கியதை மட்டும் கணக்கில் வைத்தோமே, அதுதான் பிழை.

அந்தப் பிழையின் அடியிலும் மற்றொரு பிழை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை எழுதுவதில் பொருளில்லை. காரை வீட்டுப் பிள்ளை சிரித்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "பெருந்தன்மை! தோல்வியையும் சிரித்தபடி ஏற்கிறான் பாருங்கள்!" என்றிருப்போம். கிணறுவெட்டியின் மகன் அழுதிருந்தால்? "நடிக்கிறான், வாங்கிய காசுக்கு அழுகிறான்" என்றிருப்போம். முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதாக நாங்கள் எண்ணிக்கொண்டோம். உண்மையில் முகவரியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னோம். சமத்துவம் பேசிய நாக்கு, சாதி பழக்கிய கண்ணோடு ஒரே தலையில் குடியிருந்தது. எவர் முகத்தை நம்புவது, எவர் முகத்தை ஐயுறுவது என்ற பாடத்தை ஊர் நமக்குத் தொட்டிலிலேயே கற்பித்துவிடுகிறது. அதை மறக்க மேடைப் பேச்சு ஆயிரம் போதாது.

கண்மாயில் அவனைக் கண்ட அன்று மாலையே படிப்பகத்தைக் கூட்டினேன். நடந்ததைச் சொன்னேன். என் தீர்ப்பைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தேன். சிலர் தலையாட்டினர், சிலர் பார்ப்போம் என்றனர், காரை வீட்டார் முகம் கோணும் என்று ஒருவர் காதோடு சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். அதற்கடுத்த கூட்டத்துக்கும் ஒத்திவைத்தோம். சித்திரையில் அவன் வீட்டுக்கு நேரில் போனேன். அவன் தாய் திண்ணையில் இருந்தார். "அவன் ஆழ்குழாய்க் கெணறு போடுற வண்டியோட வடக்க போயிட்டான் தம்பி" என்றார். சடுகுடுவில் அவன் மீண்டும் கோடு கிழித்து ஆடியதாகச் செய்தி வரவில்லை. 1990-இல் பெய்சிங்கில் ஆசிய விளையாட்டில் கபடி இடம்பெற்று இந்தியா தங்கம் வென்றதாக ஏட்டில் படித்த நாளில், எல்லாரும் மகிழ்ந்தபோது, எனக்கு அந்தக் கண்மாயும் உடைமரத்து வேரில் முடிந்த கயிறும்தான் நினைவுக்கு வந்தன. அவன் அவ்வளவு உயரம் போயிருப்பான் என்று சொல்ல நான் யார்? போகும் வழியை அடைத்தவன் நான் என்பது மட்டும் உறுதி.

பல ஆண்டுகள் கழித்து அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டேன். தலை நரைத்திருந்தது, ஒரு காலைச் சற்றே இழுத்து நடந்தான். மன்னிப்புக் கேட்டேன். இத்தனை ஆண்டுகளாக மனத்தில் எழுதி அடித்து வைத்திருந்த சொற்கள் அத்தனையும் வாயில் குழறின. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அட, அதெல்லாம் எந்தக் காலத்துப் பேச்சுண்ணே!" என்று சொல்லிச் சிரித்தான். பேருந்து வந்தது, ஏறிக்கொண்டான்.

அந்தச் சிரிப்பு மன்னிப்பா? மறதியா? ஆறாத வடுவின் மேல் போர்த்திய துணியா? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதி இந்தக் கட்டுரையை இனிதாக முடிக்கவும் மாட்டேன். ஒருமுறை அவன் சிரிப்புக்கு நானே பொருள் எழுதி அவன் வாழ்வைக் கெடுத்தது போதும்.

இளந்தோழர்களே, நீங்கள் அணி அமைப்பீர்கள், மன்றம் நடத்துவீர்கள், ஆட்களைத் தேர்வீர்கள். ஒருவனுக்கு அக்கறை உண்டா என்று அறிய வேண்டுமானால், தோற்ற மாலையில் அவன் முகத்தைப் பார்க்காதீர்கள். மறுநாள் காலையில் அவன் எங்கே இருக்கிறான் என்று பாருங்கள். அதற்கு நீங்களும் விடியலில் எழ வேண்டும். கண்மாய்க்குள் இறங்க வேண்டும். முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைவிட அது கடினமான வேலைதான். கடினம் என்பதற்காகத்தானே நாங்கள் அன்று அதைச் செய்யவில்லை!